கடைமடை வரை: புற்றுநோய்க்குப் புரத மருந்து போன பாதை

செய்தித்தாளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது. ‘புரத மருந்தை நானோ துகளில் ஏற்றிப் புற்றுக்கட்டிக்கே நேராக அனுப்பும் புதிய முறை, எலிகளில் வெற்றி.’ அன்று சாயங்காலம் டீக்கடையில் யாராவது ஒருவர் கேட்பார்: “சார், நீங்கள் உயிரியல் வாத்தியார்தானே, இது எப்போது மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வரும்?” கேட்பவர் சும்மா கேட்பதில்லை. பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது வந்திருக்கும்.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது வருட வரலாறு இருக்கிறது. அதில் அமெரிக்காவும் ஜப்பானும் மட்டுமல்ல, நம் அடையாறும் வேலூரும் வருகின்றன. அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது எதை நம்பலாம், எங்கே பொறுக்க வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

புளி மூட்டையும் மல்லிகைக் கூடையும்

மருந்துகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சிறிய மூலக்கூறு மருந்து. புற்றுநோய்க்கு வந்த முதல் மருந்துகளில் ஒன்றான அமினோப்டெரின் அந்த ஜாதி. 1948-ல் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்று வந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. கொஞ்ச காலத்துக்குத்தான் என்றாலும், அதுவரை அந்த நோயில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்த லெடர்லி ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இந்த வகை மருந்து புளி மூட்டை மாதிரி. லாரியில் போட்டாலும் கெடாது, வெயிலில் கிடந்தாலும் கெடாது. உடம்பின் சந்து பொந்துகளில் எல்லாம் தானே நுழைந்துவிடும். அதனாலேயே நல்ல செல், கெட்ட செல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தாக்கும். முடி கொட்டுவது, வாய் புண்ணாவது எல்லாம் அதனால்தான்.

இரண்டாவது ஜாதி புரத மருந்து. இது மதுரை மல்லி. தான் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்யும். ஆனால் வாடிவிடும். வாயில் போட்டால் வயிறு அதைச் சோற்றைப் போலச் செரித்துவிடும். ஊசியில் போட்டாலும் இரத்தத்தில் உள்ள நொதிகள் வெட்டும். சிறிய புரதம் என்றால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். அன்னியப் புரதம் என்றால் உடம்பின் காவல் படை எதிர்த்து நிற்கும். உருவமோ பெரியது. நாம் பார்க்கப்போகிற அஸ்பராஜினேஸ் என்ற புரதம், அமினோப்டெரினைப் போலச் சுமார் 300 மடங்கு கனம்.

நிலக்கோட்டையில் பறித்த மல்லிகை துபாய்க்குப் போக வேண்டும் என்றால் ஐஸ் வேண்டும், தெர்மாகோல் பெட்டி வேண்டும். அதே போலப் புரத மருந்துக்கு ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. அந்த வண்டியைத் தேடிய கதைதான் இது.

கினிப் பன்றியின் இரத்தத்தில் இருந்த ரகசியம்

1953-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்ற ஆய்வாளர் எலிகளின் நிணநீர்ப் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேறு ஒரு சோதனைக்காகக் கினிப் பன்றியின் சீரத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது கட்டிகள் கரைந்தன. முயல் சீரத்தையும் குதிரைச் சீரத்தையும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கினிப் பன்றியிடம் மட்டும் ஏதோ இருந்தது. அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

விடை 1922-லேயே ஒரு இத்தாலியரின் கட்டுரையில் கிடந்தது. கினிப் பன்றியின் இரத்தத்தில் அஸ்பராஜினேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது என்று கிளெமென்டி எழுதி வைத்திருந்தார். அந்தப் பழைய செய்தியையும் கிட்டின் எலிகளையும் 1961-ல் முடிச்சுப் போட்டவர் ஜான் புரூம். கட்டியைக் கரைத்தது அந்த நொதிதான் என்றார்.

அது எப்படி வேலை செய்கிறது? அஸ்பராஜின் என்பது ஒரு அமினோ அமிலம். 1806-ல் பிரான்சில் அஸ்பராகஸ் தண்டின் சாற்றிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு என்று வாங்குகிறோமே, அதன் பங்காளிச் செடி. நம் உடம்பின் சாதாரண செல்கள் அஸ்பராஜினைத் தாங்களே சமைத்துக்கொள்ளும். சில வகை இரத்தப் புற்று செல்களுக்கு அந்தச் சமையல் போதிய அளவு தெரியாது. இரத்தத்தில் வருவதை நம்பித்தான் பிழைப்பு. ஊரில் இருக்கும் ஒரே ஓட்டலை மூடிவிட்டால் வீட்டில் அடுப்பு உள்ளவனுக்குக் கவலை இல்லை. ஓட்டலை நம்பியவன் பட்டினி. அஸ்பராஜினேஸ் செய்வது அந்த ஓட்டலை மூடுகிற வேலை.

கினிப் பன்றியிடமிருந்து ஊருக்கெல்லாம் மருந்து எடுக்க முடியுமா? முடியாது. 1964-ல் மாஷ்பர்ன், ரிஸ்டன் என்ற இருவர், நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் உள்ள அதே பெயர் நொதியும் கட்டியை ஒடுக்கும் என்று காட்டினார்கள். பாக்டீரியாவைப் பீப்பாய் பீப்பாயாக வளர்க்கலாம். 1978-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இரத்தப் புற்றுக்குப் புரத மருந்து ஒன்று முறைப்படி கடைக்கு வந்தது.

அடையாறு வரை வந்த ஊசி

நம் ஊர்ப் பக்கம் 1980-களில் இரத்தப் புற்று என்றால் சினிமாவில் நாயகன் பாட்டுப் பாடிவிட்டுச் சாகிற நோய். உண்மையிலும் நிலைமை அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. டாக்டர்கள் பெயரைச் சொன்னதும் குழந்தையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வசதியோ துணிச்சலோ உள்ளவர்கள் திருச்சி ரோட்டில் நின்று திருவள்ளுவர் பஸ்ஸை மறித்து ஏறி அடையாறுக்குப் போனார்கள்.

அந்த அடையாறு புற்றுநோய் நிலையம் வந்த கதையும் நம் பக்கத்தோடு தொடர்புள்ளதுதான். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர். அது நடந்தது 1923-ல். முப்பது வருடம் அலைந்து, 1954-ல் 12 படுக்கையோடு அந்த மருத்துவமனையைத் திறந்தார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

1984-ல் ஒரு முக்கியமான வேலை தொடங்கியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் இயான் மக்ராத், மும்பை டாடா மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு ஆகிய மூன்று இடங்களின் டாக்டர்களோடு சேர்ந்து, குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுக்கு இந்தியாவுக்கு ஏற்ற ஒரே சிகிச்சை முறையை வகுத்தார். எம்.சி.பி. 841 என்று பெயர். எந்த வாரம் எந்த மருந்து, எவ்வளவு என்று பஞ்சாங்கம் மாதிரி எழுதி வைத்த திட்டம். அதில் அஸ்பராஜினேஸ் ஊசியும் உண்டு. 14 வருட அனுபவத்தைத் தொகுத்து 2005-ல் வெளியிட்ட கட்டுரை, மூன்று இடங்களிலும் பிழைத்த குழந்தைகளின் விகிதம் முன்பைவிடத் தெளிவாக உயர்ந்தது என்று காட்டியது. நோயால் அல்லாமல், சிகிச்சையின்போது வந்த தொற்றுகளால் இறந்த குழந்தைகளும் கணிசம் என்பதையும் அது மறைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழந்தைகளுக்குப் போட்டது எந்த வண்டியும் இல்லாத வெறும் அஸ்பராஜினேஸ். நானோ எதுவும் இல்லை. ஒழுங்காக வகுத்த கால அட்டவணை, அதை விடாமல் பின்பற்றிய டாக்டர்கள், பாதியில் ஊருக்குத் திரும்பாமல் இருந்த பெற்றோர்கள். இவ்வளவுதான்.

அப்படியானால் வண்டி எதற்கு? அந்த ஊசிக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, அது பாக்டீரியாவின் புரதம். உடம்பு அதை எதிரியாகப் பார்க்கும். சில குழந்தைகளுக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறும். வேறு சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே எதிர்ப்புப் பொருள் உருவாகி மருந்தைச் செயலற்றதாக்கிவிடும். இரண்டு, இரத்தத்தில் அதன் பாதி அளவு ஒரு நாளுக்குச் சற்று மேல் போனால் காணாமல் போய்விடும். ஆகவே அடிக்கடி குத்த வேண்டும்.

கொழுப்புக் குமிழியும் வேலூரும்

முதல் யோசனை, மருந்தை ஒரு உறைக்குள் போட்டு அனுப்புவது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சாங் என்பவர் 1957-ல் மாணவராக இருந்தபோதே செயற்கை செல் செய்யத் தொடங்கியவர். 1971-ல் அவர் அஸ்பராஜினேஸை மெல்லிய உறைக்குள் அடைத்து எலிகளுக்குச் செலுத்திக் கட்டி வளர்வதைத் தடுத்துக் காட்டினார். உறையின் நுண்துளை வழியாக அஸ்பராஜின் உள்ளே போகும்; நொதி வெளியே வராது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு வழி பிறந்தது. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்கம், முட்டைக் கருவில் இருப்பது போன்ற கொழுப்புப் பொருளைத் தண்ணீரில் கலந்தால் அது தானாகவே நுண்ணிய குமிழிகளாகச் சுருண்டுகொள்கிறது என்று 1960-களின் நடுவில் கண்டார். லைப்போசோம் என்பது அதுதான். குமிழியின் சுவர் நம் செல்லின் சுவரைப் போன்றது. உள்ளே தண்ணீர். அந்தத் தண்ணீரில் எதையும் கரைத்து வைக்கலாம். 1971-ல் கிரெகரி கிரெகோரியாடிஸ், பிரெண்டா ரைமன் ஆகியோர் அதற்குள் ஒரு நொதியை அடைத்து எலிக்குச் செலுத்தினார்கள். 1976-ல் நீருஞ்சன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து கிரெகோரியாடிஸ் அஸ்பராஜினேஸையே லைப்போசோமில் ஏற்றி எலியின் கட்டியைச் சுருக்கினார். எதிர்ப்புத் தொல்லையும் குறைந்தது.

கிரெகோரியாடிஸுக்கு முதலில் இந்த எண்ணம் வந்ததே புற்றுநோயை நினைத்து அல்ல. பிறவியிலேயே ஒரு நொதி இல்லாமல் பிறக்கிற குழந்தைகளுக்கு அந்த நொதியைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்காக. அந்த நோய்களைப் புரிந்துகொண்டதில் வேலூருக்கு ஒரு நல்ல பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை வளர்த்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த பிமல் குமார் பச்சாவத். மூளை நரம்புகளின் உறை அழிகிற ஒரு பரம்பரை நோயில் சல்ஃபடேஸ் என்ற நொதி குறைந்திருக்கிறது என்று 1963-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் பச்சாவத்தின் பெயரும், ஏ.எஸ். பாலசுப்பிரமணியன், டி.என். பட்டாபிராமன் முதலிய வேலூர் ஆய்வாளர்களின் பெயர்களும் இருக்கின்றன.

நொதி குறைவு என்று கண்டவருக்கு, அதை எப்படி உள்ளே அனுப்புவது என்ற அடுத்த கேள்வி வராமல் இருக்குமா? பச்சாவத் 1970-களின் நடுவில் கல்கத்தா திரும்பிய பிறகு லைப்போசோமைக் கையில் எடுத்தார். அதற்குள் ஒரு பெரிய சிக்கல் தெரிந்திருந்தது. லைப்போசோமை இரத்தத்தில் விட்டால் கல்லீரலும் மண்ணீரலும் சோதனைச் சாவடி போலப் பிடித்து நிறுத்திவிடும். பிடிக்கிறது என்றால் அதையே பயன்படுத்துவோம் என்று பச்சாவத் குழு யோசித்தது. குமிழியின் மேல் ஒருவகைச் சர்க்கரையை முகவரி போல ஒட்டினால் கல்லீரலின் ஒருவகைச் செல்லுக்குப் போகிறது. வேறு சர்க்கரையை ஒட்டினால் வேறு செல்லுக்குப் போகிறது. உள்ளே ஏற்றி அனுப்பிய சரக்கு காமா குளோபுலின் என்ற புரதம். இது 1980-ல் வெளிவந்த வேலை. ‘இலக்கு நோக்கிய நானோ வண்டி’ என்று இன்று செய்தித்தாள் எழுதுவதன் கரு அதில் இருக்கிறது.

பச்சாவத் பிறகு டில்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போய், மும்பை கே.இ.எம். மருத்துவமனை டாக்டர்களோடு சேர்ந்து ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லியை லைப்போசோமில் ஏற்றினார். அது ஃபங்கிசோம் என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாராகும் மருந்தாக வந்தது. இந்தப் பெயரை மறந்தாலும் 2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை வந்து, லைப்போசோம் ஆம்ஃபோடெரிசின் கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்தார்களே, அந்த வகை ஊசிதான். அது புரதமும் அல்ல, புற்றுநோய்க்கும் அல்ல. ஆனால் வண்டி இதே வண்டி.

வாழை இலை சுற்றிய மல்லிகை

அஸ்பராஜினேஸுக்கு உண்மையில் கைகொடுத்தது குமிழி அல்ல. அதைவிட எளிய ஒன்று. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் டேவிஸ், புரதத்தை எதற்குள்ளும் அடைக்காமல், அதன் மேலேயே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் ஒரு நூலைச் சுற்றினால் என்ன என்று யோசித்தார். அந்த நூல் பாலி எத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக். மலச்சிக்கலுக்குத் தரும் பவுடர்களிலும் முகப் பூச்சுகளிலும் இருக்கிற சாதாரணப் பொருள்தான். 1977-ல் அவரும் ஆபிரகாம் அபுசோவ்ஸ்கி முதலியோரும் வெளியிட்ட கட்டுரைகள், பெக் சுற்றிய புரதத்தை உடம்பின் காவல் படை எளிதில் அடையாளம் காண்பதில்லை, அது நெடுநேரம் இரத்தத்தில் நிற்கிறது என்று காட்டின. மல்லிகையை வாழை இலையில் பொதிந்து தண்ணீர் தெளித்து வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1990-ல் வேறு ஒரு நொதி இந்த முறையில் முதல் அனுமதி பெற்றது. 1994-ல் பெக் சுற்றிய அஸ்பராஜினேஸ் வந்தது. ஒரு நாளில் பாதியாகிய மருந்து இப்போது பாதியாவதற்கு ஐந்தாறு நாள் ஆனது. ஒரே ஊசி இரண்டு வாரத்துக்குப் போதும் என்ற நிலை வந்தது. இன்று இந்தியாவிலேயே தயாராகிறது. பெக்குக்கே எதிர்ப்புப் பொருள் சிலர் உடம்பில் உருவாகிறது என்று பிற்பாடு தெரிந்தாலும், எழுபது வருட வண்டி வரலாற்றில் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு உறுதியாகப் பயன்பட்டது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ‘நானோ’ என்ற சொல் பத்திரிகைக்கு வருவதற்கு முன்பே வந்த வண்டி இது.

ஜப்பானில் நீலமான கட்டி

இதுவரை பார்த்தது இரத்தப் புற்று. அதில் மருந்து இரத்தத்தில் இருந்தாலே போதும். கல்லீரலிலோ கணையத்திலோ கெட்டியாக நிற்கும் கட்டிக்குள் மருந்து நுழைய வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1965-ல் நியோகார்சினோஸ்டாடின் என்ற சிறு புரதம் கிடைத்தது. செல்லின் மரபுப்பொருளையே வெட்டக்கூடியது. ஆனால் சிறியது என்பதால் சிறுநீரகம் சட்டென்று வெளியேற்றிவிடும். குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி மயேடா அதோடு ஒரு செயற்கைப் பாலிமரை இணைத்தார். ஸ்மான்க்ஸ் என்று பெயர். அதைக் கசகசா எண்ணெயிலிருந்து தயாராகும் லிப்பியோடால் என்ற எண்ணெயில் கலந்து, கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்க்குள் நேராகச் செலுத்தினார்கள். எண்ணெய் கட்டியிலேயே தங்கியது. 1993-ல் கல்லீரல் புற்றுக்கு ஜப்பான் அரசு அனுமதி கொடுத்தது.

இது ஏன் கட்டியில் தங்குகிறது என்று ஆராய்ந்தபோது மயேடாவும் மட்சுமுராவும் 1986-ல் ஒரு சோதனையைச் செய்தார்கள். இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் நீலச் சாயத்தை எலிக்குச் செலுத்தினார்கள். கட்டி நீலமாயிற்று. பெரிய மூலக்கூறுகள் அங்கே போய்ச் சேர்ந்து தேங்குகின்றன என்று புரிந்தது.

கண்மாய்க் கரையை நினைத்துப் பாருங்கள். அவசரமாகப் போட்ட கரையில் எலி வளையும் நண்டு வளையுமாக இருந்தால் தண்ணீர் கசியும். கசிந்த தண்ணீர் வெளியேற வடிகாலும் இல்லை என்றால் அங்கேயே தேங்கும். புற்றுக்கட்டி அவசரமாக வளர்வதால் அதன் இரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள். நிணநீர் வடிகாலும் சரியில்லை. சரியான அளவில் ஒரு வண்டியை விட்டால் நல்ல இடங்களில் இறங்காமல் கட்டியில் மட்டும் கசிந்து இறங்கும் என்பது மயேடாவின் கணக்கு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் சிவப்பணுவே ஏழாயிரம் நானோமீட்டர் அகலம். இந்த வண்டிகள் நூறு நானோமீட்டர் அளவில் இருக்கும். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, லைப்போசோமில் ஏற்றிய டாக்ஸோரூபிசின் அந்த அளவுதான். அது புளி மூட்டை ஜாதி மருந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மடை

மயேடாவின் கணக்கை நம்பி உலகமெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுகள் நடந்தன. எலிகள் பிழைத்தன. மனிதர்களிடம் அந்த அளவு பலன் வரவில்லை. 2016-ல் கனடாவின் டொரான்டோவில் வாரன் சான் குழுவினர் பத்து வருட ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தார்கள். ஊசியில் போட்ட நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? நடுவாந்தரமாகப் பார்த்தால் 0.7 சதவீதம். அதுவும் எலிகளிலேயே. மீதியில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போயிற்று.

பேரணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டு நாற்றுப் பாவியவர்கள் மேலூர்ப் பக்கம் நிறையப் பேர். திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்பதுதானே கேள்வி. புரத மருந்துக்கும் அப்படி மூன்று மடை இருக்கிறது.

முதல் மடை இரத்தம். அழியாமல், பிடிபடாமல் அங்கே நிற்க வேண்டும். இதைப் பெக் தாண்டிவிட்டது. அஸ்பராஜினேஸின் வேலையும் இரத்தத்திலேயே முடிந்துவிடுவதால் அதற்கு இது போதும்.

இரண்டாவது மடை கட்டி. எலியின் கட்டி இரண்டு மூன்று வாரத்தில் ஊதிப் பெருத்தது, ஓட்டைகள் அதிகம். மனிதனின் கட்டி வருடக் கணக்கில் வளர்ந்தது. ஓட்டைகள் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் வருவதை வெளியே தள்ளும். ஸ்மான்க்ஸ் இந்த மடையைத் தாண்டியது, அந்த உறுப்பின் குழாய்க்குள்ளேயே கொண்டுபோய் ஊற்றியதால்தான். அஸ்பராஜினேஸைச் சிவப்பணுவுக்குள்ளேயே அடைத்துக் கணையப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய மருத்துவச் சோதனை 2021-ல் தோற்றது. நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை.

மூன்றாவது மடை செல்லின் உள்ளே. புரதம் கட்டியை அடைந்தாலும் செல் அதை ஒரு பைக்குள் விழுங்கிச் செரித்துவிடும். பையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சுக்கு அந்த வித்தை இயற்கையிலேயே தெரியும். அந்த நஞ்சை வைத்துச் செய்த ஒரு புரத மருந்து 1999-ல் ஒருவகைத் தோல் நிணநீர்ப் புற்றுக்கு வந்தது. ஆனால் நானோ வண்டியில் புரதத்தை ஏற்றிப்போய்க் கெட்டியான கட்டியின் செல்லுக்குள் இறக்கும் மருந்து எதுவும் அன்றாடச் சிகிச்சைக்கு வரவில்லை. கொரோனாத் தடுப்பூசியில் வெளிநாட்டுக் கம்பெனிகள் செய்தது போல, புரதத்துக்குப் பதிலாக அதன் செய்முறைச் சீட்டைக் கொழுப்புத் துகளில் வைத்து அனுப்பிச் செல்லையே சமைக்கச் சொல்லும் வழியும் இப்போது சோதிக்கப்படுகிறது.

பெரியாஸ்பத்திரிக்கு எப்போது?

ஆகவே டீக்கடைக் கேள்விக்கு என் பதில் இது. செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனையாவது மடை வரை போனது? எலியிலா, மனிதரிலா? முதல் மடை, மனிதர் என்றால் அநேகமாக இன்றே ஏதாவது ஒரு மருத்துவமனையில் இருக்கும்; டாக்டரிடம் கேளுங்கள். மூன்றாவது மடை, எலி என்றால் சந்தோஷப்படுங்கள். ஆனால் நிலத்தை விற்காதீர்கள், நடக்கிற சிகிச்சையை நிறுத்தாதீர்கள். நானோ என்று லேபிள் ஒட்டி விற்கும் பொடிக்கும் சொட்டு மருந்துக்கும் இந்த வரலாற்றில் இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. வண்டியைப் பற்றிப் பேசும்போது சரக்கை மறந்துவிடக் கூடாது. கொல்கத்தா டாடா ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் சாதாரண ஈ.கோலை அஸ்பராஜினேஸ் மருந்துகளைப் பரிசோதித்து, அவற்றின் தரம் திருப்தியாக இல்லை என்று 2021-ல் எழுதினார்கள். அறுபது வருடத்துக்கு முன் கண்டுபிடித்த புரதம், அதையே குப்பிக்குள் ஒழுங்காகப் போட்டுத் தரவில்லை என்றால் நூறு நானோமீட்டர் வண்டி வந்து என்ன? மருந்தின் தரத்தைச் சோதிக்கும் அலுவலர்களும், குளிர்ப்பெட்டியை அணைக்காமல் பார்த்துக்கொள்ளும் மருந்தாளுநரும்கூட இந்தப் பாதையில் மடை திறப்பவர்கள்தான்.

1980-களில் பஸ் ஏறியவர்களுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்று இன்று பல குழந்தைகளுக்குக் குணமாகக்கூடிய நோய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடம் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தால், முகம் வெளுத்தால், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள் வந்தால், கோவில் கயிறு கட்டுவதோடு நிறுத்தாமல் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நானோ வண்டி வரும்போது வரட்டும். இருக்கிற ஊசி வேலை செய்ய வேண்டும் என்றால் முதலில் குழந்தை நேரத்துக்கு அங்கே போய்ச் சேர வேண்டும்.